குரல் கம்மிப்போனால் பாட்டுப் பயிற்சி உதவுமா?

கேள்வி: ஜூன் 9, மாலை 6.20

அக்கா நடுநிலைப் பள்ளி ஆசிரியை, 41 வயது. ஆறு மாதமாகக் குரல் கம்மல். சாயங்காலம் ஆனால் வெறும் காற்றுதான் வருகிறது. ஈ.என்.டி. டாக்டர் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு, பேச்சுப் பயிற்சி எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். தெரிந்தவர் ஒருவரோ, ‘ஒரு பாட்டு வாத்தியாரிடம் சேர்த்துவிடு, பாட்டின் முதல் பாடமான சரளி வரிசை பாடினால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்’ என்கிறார். பேச்சுக் குரலைப் பாட்டு சரிசெய்யுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு 10.15

உதவும் தம்பி. எனக்கு உதவியிருக்கிறது.

மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், 22 வருஷம் ஆகிறது. நான்கு வருஷத்துக்கு முன் எனக்கும் இதே முடிச்சுதான், இரண்டு பக்கமும். திங்கட்கிழமை குரல் இருக்கும், வியாழக்கிழமைக்குள் தேய்ந்துவிடும். வகுப்பில் ‘அமைதி’ என்று சொன்னால் ‘அ’ காற்றோடு போய்விடும், ‘மைதி’ மட்டும் பிள்ளைகள் காதில் விழும். எனக்குப் பயிற்சி கொடுத்த ஸ்பீச் தெரபிஸ்ட் ஓர் இளம்பெண். முதல் நாள் என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரு ஸ்ட்ராவையும் வைத்தார். ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்து, குமிழி வர ஊதிக்கொண்டே ‘ஊ’ என்று குரல் கொடுக்கச் சொன்னார். அடுத்து, சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டும்போது உதடு படபடக்க ‘புர்ர்ர்’ என்பார்களே, அது. அப்புறம் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’. அதையே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே.

சின்ன வயதில் ஆறு வருஷம் பாட்டு கற்றவள் நான். இரண்டாம் வாரமே புரிந்துவிட்டது, இதில் பாதி, பாடுகிறவர்கள் மேடை ஏறும் முன் குரலைப் பதப்படுத்தச் செய்கிற வேலை. பத்து வாரத்தில் குரல் திரும்பியது. கத்தி வைக்க வேண்டிய தேவையே வரவில்லை. அக்காவைத் தைரியமாக அனுப்புங்கள்.

ஜூன் 10, காலை 5.50

படுத்த பிறகும் மனதில் இது ஓடிக்கொண்டே இருந்தது. ‘அனுப்புங்கள்’ என்று எழுதினேன், எங்கே என்று எழுதவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தபடி பேச்சுப் பயிற்சிக்கு. பாட்டு வாத்தியாரிடம் இப்போது வேண்டாம்.

நான் பட்டதால் சொல்கிறேன். டாக்டரிடம் போவதற்கு முன்பு மூன்று மாதம் ஒரு பாட்டு ஆசிரியரிடம் போனேன். நல்ல மனிதர், நல்ல ஞானம். தொண்டை பழக்கம் விட்டுப்போய்த் துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லி, விடியற்காலையில் அகார சாதகம் பண்ணச் சொன்னார், சுரங்களை ‘ஆ’ என்றே பாடுவது. வாயை நன்றாகத் திறந்து, முழுத் தொண்டையில். நல்ல தொண்டைக்கு அது உரம். வீங்கின நாணுக்கோ, சுளுக்கின காலோடு ஓடுகிற மாதிரி. மூன்றாவது மாதம் மேல் ஷட்ஜம், அதாவது மேல் ‘ச’, எட்டவே இல்லை. மத்தியில் ஒரு சுரத்தை நீட்டிக் கார்வை பிடித்தால் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் கேட்கும், உடைந்த நாயனம் மாதிரி. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

உங்கள் அக்காவுக்கு அந்தப் பார்வை முடிந்துவிட்டது, அது பெரிய விஷயம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: கம்மல் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஈ.என்.டி. டாக்டரிடம் ஸ்கோப் போட்டு, அதாவது தொண்டைக்குள் சின்னக் கேமராவை விட்டு, பார்த்துவிடுங்கள். முடிச்சு, பாலிப் என்கிற சதை வளர்ச்சி, நீர்க்கட்டி, ஒரு பக்க நாண் அசையாமல் போவது, புற்றுநோயின் தொடக்கம், எல்லாமே வெளியே ஒரே கம்மலாகத்தான் கேட்கும். புகை பிடிப்பவர்கள் தள்ளியே போடக் கூடாது.

ஜூன் 10, காலை 6.05

அக்கா இப்போது கிசுகிசுப்பாகப் பேசிச் சமாளிக்கிறாரா? வேண்டாம். கிசுகிசுக்கும்போது பலருக்குத் தொண்டை இன்னும் இறுகுகிறது. மெல்லிய குரலில் பேசட்டும், முடியாத நேரம் எழுதிக் காட்டட்டும். அடிக்கடி செருமுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். செருமல் வரும்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் போதும்.

ஜூன் 13, இரவு 9.30

ஸ்ட்ராவில் ஊதினால் முடிச்சு எப்படிக் கரையும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் தெரபிஸ்டிடம் இதையே கேட்டேன்.

முடிச்சு என்பது காய்ப்பு. மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கையில் காய்க்கிறதே, அதே சமாச்சாரம். நாண்கள் அதிரும் பகுதியின் நடுப்புள்ளியில்தான் மோதல் பலமாக இருக்கும், காய்ப்பு அங்கேதான் எதிரும் புதிருமாக வரும். பெண் குரலில் நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 தடவை மோதுகின்றன. 40 நிமிடப் பீரியடில் பாதி நேரம் குரல் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 × 60 × 200 = 2,40,000. ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் என்றால் 12 லட்சம். என் நோட்டில் இதைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான், 22 வருஷமாக இந்த இரண்டு சதை மடிப்புகள் எனக்காக என்ன உழைத்திருக்கின்றன என்று தெரிந்தது.

வாய் வழியைக் குறுக்கினால், வெளியே போகிற காற்று கொஞ்சம் திரும்பி அழுத்தும். அந்த அழுத்தம் மேலிருந்து நாண்களை மயிரிழை விலக்கிப் பிடிக்கும். அதிர்வு நிற்காது, மோதல் குறையும். குரல் எழுப்பத் தேவையான மூச்சின் வேகமும் குறையும். ஸ்ட்ரா, உதட்டுப் படபடப்பு, ‘ம்ம்’ எல்லாவற்றிலும் வேலை செய்வது இந்தத் திரும்பும் அழுத்தம்தான். பின்லாந்தில் 1960களிலேயே கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் வைத்து இதைச் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இங்கோ டிட்சே என்ற குரல் விஞ்ஞானி ஸ்ட்ராவைப் பாடகர்களிடமும் நோயாளிகளிடமும் ஒன்றுபோலக் கொண்டுபோனார். அப்புறம் முடிச்சைக் கரைப்பது ஸ்ட்ரா இல்லை. அடி படுவது குறைந்தால் உடம்பே அதை ஆற்றிக்கொள்கிறது.

ஆசிரியர்களுக்குத்தான் இது அதிகமா என்றும் கேட்டிருந்தார்கள். ஆமாம். அமெரிக்காவில் அயோவா, யூட்டா மாநிலங்களில் எடுத்து 2004இல் வந்த பெரிய கணக்கெடுப்பில், அந்தச் சமயத்தில் குரல் தொல்லை இருந்தவர்கள் ஆசிரியர்களில் 11 சதவீதம், மற்றவர்களில் 6.2. வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்தவர்கள் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8.

ஜூன் 15, மதியம் 2.10

‘பாடத் தெரியாதவர் என்ன செய்வார்?’ உம் கொட்டத் தெரியுமா என்று கேளுங்கள்.

பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டுவோமே, அந்த ‘ம்ம்’ எந்த உயரத்தில் வருகிறதோ அதன் பக்கத்தில்தான் சிரமமில்லாத குரல் இருக்கிறது. தெரபிஸ்ட் என்னிடம் அன்றைக்கு என்ன சமைத்தேன் என்றுகூடச் சொல்லிக்கொண்டே போனார், என்னை உம் கொட்ட விட்டார். பிறகு அந்த ‘ம்ம்’ மேலேயே ‘ம்ம்... மூணு’, ‘ம்ம்... மாமா’, ‘ம்ம்... நாலு’ என்று சொல்லவைத்தார். மேலுதட்டில், மூக்குத் தண்டில் ஒரு சிலிர்ப்பு இருக்க வேண்டும், தொண்டையில் ஒன்றுமே தெரியக் கூடாது. விரலை மூக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வண்டு மாதிரி அதிரும்.

வீட்டுக்கு வந்து சுருதிப் பெட்டியைப் போட்டேன். என் உம் 5 கட்டை ஷட்ஜத்தில் வந்து உட்கார்ந்தது, 196 ஹெர்ட்ஸ். அடுத்த நாள் வகுப்பில் நான் பேசுவதைப் போனில் பதிவு செய்து வந்து ஒத்துப் பார்த்தேன். ‘எல்லாரும் இங்க பாருங்க’ அதற்கு நாலு சுரம் மேலே, பஞ்சமத்தில் இருந்தது. நாள் முழுக்கப் பஞ்சமத்திலேயே நின்று கணக்கு நடத்தியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் 58 பேர், தலைக்கு மேல் நான்கு மின்விசிறி, பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தட்டி. சத்தத்தின் நடுவே பேசினால் நமக்குத் தெரியாமலே குரல் ஓங்கும், உயரும். பிரெஞ்சு டாக்டர் லொம்பார்ட் 1911லேயே இதை எழுதியிருக்கிறார்.

ஜூன் 15, இரவு 8.45

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஷட்ஜத்தில்தான் பேச வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே சுரத்தில் பேசினால் அதுவும் இறுகிப்போகும். ஆதார சுருதி வீடு மாதிரி. வெளியே போய்விட்டுத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 17, காலை 6.30

எந்த ஸ்ட்ரா என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை. கடையில் கிடைக்கும் காகித ஸ்ட்ரா தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் ஊறி நசுங்கிவிடும், பயிற்சிக்கு ஆகாது. நான் கொல்லையில் பப்பாளி இலைக் காம்பை வெட்டி வைத்துக்கொண்டேன். உள்ளே கூடாக இருக்கும், ஒரு சாண் நீளத்துக்கு அருமையான குழாய். சின்ன வயதில் இதில்தான் ஊதி விளையாடினோம். நுனி தண்ணீருக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருந்தால் போதும், அதற்கு மேல் ஆழம் வைத்தால் ஊதவே பலம் வேண்டியிருக்கும். கன்னம் லேசாக உப்பட்டும். கழுத்து நரம்பு புடைத்தால் நிறுத்திவிடுங்கள்.

ஜூன் 22, இரவு 10.40

பாட்டுக்காரர்களுக்கும் குரல் மருத்துவத்துக்கும் என்ன உறவு என்று ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். உயிரோடு இருக்கிற ஒரு மனிதரின் குரல் நாண் வேலை செய்வதைத் தெளிவாகப் பார்த்து உலகத்துக்குச் சொன்னவரே ஒரு பாட்டு வாத்தியார்தான். மானுவேல் கார்சியா, ஸ்பெயினில் பிறந்தவர், பாரிஸிலும் லண்டனிலும் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். 1854இல் பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, கையில் இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தன் நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. பாடும்போது குரல் நாண் எப்படி வேலை செய்கிறது என்று நேரில் பார்க்கத்தான் அவருக்கு அந்தத் தவிப்பு. 1906 வரை, 101 வயது வரை இருந்தார். ஸ்கோப் திரையில் என் நாண்களை முதல் முறை பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. முத்து மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டியவை சிவந்து, நடுவில் இரண்டு அரிசி நொய். கார்சியா தன்னுடையதைப் பார்த்த அன்று எப்படி இருந்திருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஜூன் 24, காலை 7.00

அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகுப்பால். தொண்டைக்கு இதமாக இருக்கும், நானும் குடிக்கிறேன். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல் நாணில் படாது. பட்டால் புரையேறிவிடும். ஆகவே கஷாயம் முடிச்சைக் கரைக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஆவி பிடிப்பது நேராக அங்கே போகும். தண்ணீர், உடம்பு முழுவதையும் ஈரமாக வைப்பதன் வழியாக உதவும். நான் பீரியடுக்கு ஒரு தடவை, மணி அடித்ததும் குடித்துவிடுகிறேன்.

ஜூன் 30, இரவு 9.15

இரண்டு திருத்தம்.

ஒன்று, பப்பாளிக் காம்பு. ஒரு சகோதரிக்கு உதடு அரித்துத் தடித்துவிட்டது. காம்பின் பால்தான் காரணம். நான் முந்தின நாளே வெட்டிக் கழுவிக் காயவைப்பேன், அதை இங்கே எழுதாமல் விட்டது என் தவறு. மன்னியுங்கள். சர்ஜிகல் கடையில் சிலிக்கோன் ட்யூப் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், சுண்டுவிரல் பருமன், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும். அதையே வாங்குங்கள், தினமும் கழுவி உலர்த்துங்கள்.

இரண்டு, ‘மெல்ல, மெல்ல’ என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே போனேன். பார்க்கின்சன் நோய் உள்ள அப்பாவுக்கு ஒருவர் அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அவர்களுக்கு நேர்மாறு. குரல் தேய்ந்துபோவதுதான் அவர்களின் தொல்லை, தாங்கள் பேசுவது போதுமான சத்தம் என்றே அவர்களுக்குத் தோன்றும். லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரால் அமெரிக்காவில் ஒரு முறை இருக்கிறது. நீளமாக, பலமாக ‘ஆ’ சொல்லவைப்பார்கள், வாரம் நான்கு நாள், நான்கு வாரம். என் சித்தப்பாவுக்கு அந்த வழியில் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருஷமாக உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தவர், வாசலில் நின்று கீரைக்காரரைக் கூப்பிட்டார். சித்தி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், என்ன தொல்லை என்று தெரியாமல் என் குறிப்பை எடுத்துச் செய்யாதீர்கள்.

ஜூலை 2, காலை 6.10

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வராமல், பாட்டு மட்டும் வருகிறவர் பற்றிய கேள்வி: அது குரலின் கோளாறு இல்லை, மூளையில் மொழிப் பகுதியில் வந்த பாதிப்பு. சொற்களை ராகம்போல இழுத்துச் சொல்லவைத்து, இடது கையால் தட்டிக்கொண்டே பயிற்றுவிக்கும் முறை 1973 முதல் இருக்கிறது. ஸ்ட்ரா அவருக்குப் பயன்படாது. அதற்கென்று கற்ற பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

ஜூலை 6, இரவு 10.00

ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு 17 வயது, மீசை வந்துவிட்டது, குரல் இன்னும் பெண்பிள்ளைக் குரல். கல்லூரியில் வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன்’ சொல்லாமல் கை மட்டும் தூக்குகிறானாம்.

மகரக்கட்டு உடைந்தும், அதாவது குரல் மாறும் வயது வந்தும், பழைய குரலையே பிடித்துக்கொண்டிருக்கிற நிலை இது. உயரமாகத் திரித்துப் பாடுகிற பொய்க்குரலைப் பாட்டுக்காரர்கள் கள்ளத் தொண்டை என்பார்களே, பையன் நாள் முழுக்க அதில் பேசிக்கொண்டிருக்கிறான். பெரும்பாலும் தொண்டையில் குறை ஒன்றும் இருக்காது. எங்கள் தெரபிஸ்ட் இப்படி ஒரு பையனுக்குச் செய்ததை அவன் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். இருமச் சொன்னார். இருமல் கனமாக, ஆண் குரலில் வந்தது. குரல்வளை மேட்டை விரலால் மெல்லக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த இருமலையே ‘ஆ’ என்று நீட்டச் சொன்னார். அப்புறம் ‘ம்ம்’. அரை மணி நேரத்தில் குரல் வந்துவிட்டது. வந்த குரலைக் கேட்டுப் பையன் பயந்துவிட்டான், வீட்டுக்குப் போய் மறுபடி பழைய குரல். அதில் நிலைக்க ஐந்தாறு தடவை போக வேண்டியிருந்தது. அழுத்துவதை நீங்களே செய்யாதீர்கள் அம்மா. தெரிந்தவர் கை வேண்டும்.

ஜூலை 14, இரவு 9.50

முதல் நாள் பத்து வாரத்தில் குரல் திரும்பியது என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை.

ஐந்தாவது வாரத்திலேயே பயிற்சி அறையில் என் குரல் நன்றாக இருந்தது. ஜோசப் ஸ்டெம்பிள் என்பவர் வகுத்த நான்கு பயிற்சிகள். ‘ஈ’யை மூக்கில் அதிரும்படி, எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல, மூச்சு முடியும்வரை பிடிப்பது. கீழிருந்து மேலே வழுக்குவது. மேலிருந்து கீழே வழுக்குவது. ஐந்து சுரங்களில் தனித்தனியாகக் கார்வை. ஒவ்வொன்றும் இரண்டு தடவை, காலையும் மாலையும். அந்த ஐந்து சுரம் மேல்நாட்டு ஸ்வரங்கள், நம் கணக்கில் சங்கராபரணத்தின் ச ரி க ம ப. சரளி வரிசையில் ஊறிய வாய்க்கு ரிஷபம், அதாவது ‘ரி’, தானாக அந்த வரிசையின் ராகமான மாயாமாளவகௌளைக்கு இறங்கிவிடும். தெரபிஸ்ட் போனில் பியானோவைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். ‘ஈ’ 9 விநாடியில் ஆரம்பித்து 21 வரை போனது.

வகுப்புக்குள் நுழைந்தால் எல்லாம் போய்விடும். முதல் வாக்கியத்திலேயே பஞ்சமம். பாட்டில் கற்றது பேச்சுக்குத் தானாக வந்து சேராது. இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை, அதனால் மூன்று வாரம் மனசு விட்டுப்போயிருந்தேன். பாலம் கட்டிக்கொடுத்தது வாய்ப்பாடு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ‘மூவொண்ணு மூணு’ என்று இழுத்துப் பாடினேன். அது பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, நடுவில் நிற்கும். மூன்றாம் வாய்ப்பாட்டில் ‘ம’ கொட்டிக் கிடக்கிறது. ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் வெறும் பேச்சாக நிறுத்தினேன். அதிர்வு உதட்டிலேயே இருந்தது. ‘அ’, ‘ஆ’, ‘எ’ என்று உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில்தான் எனக்கு நாண் ‘டக்’ என்று மோதும். அவற்றுக்கு முன்னால் வெளியே கேட்காத ஒரு ‘ம்’ போட்டுக்கொள்ளப் பழகினேன். ‘அமைதி’யை விட்டேவிட்டேன், மேசையில் இரண்டு தட்டு.

கழுத்துப்பட்டை மைக்கும் வாங்கினேன். எட்டாத குரலை எட்டவைக்க அதற்கு இணை கிடையாது. சில பெற்றோர் ஒரு மாதிரி பார்த்தார்கள், பிள்ளைகள் ஒரு வாரத்தில் மறந்துவிட்டார்கள். ஆக, வகுப்பில் வெள்ளிக்கிழமை வரை குரல் தாங்க எனக்கு எட்டு மாதம் ஆனது. மறு ஸ்கோப்பில் இடது பக்கம் முடிச்சு இல்லை, வலது பக்கம் சின்னதாக ஒரு தடிப்பு மட்டும். அது இன்னும் இருக்கிறது. பேச்சைத் தடுக்கவில்லை.

ஜூலை 20, இரவு 9.05

அக்கா முதல் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார், ட்யூபில் ஊதும்போது சிரிப்பு அடக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. சிரிக்கட்டும், சிரிக்கும்போது தொண்டை தளரும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுங்கள், தனியாகச் செய்தால் மூன்றாம் நாள் விட்டுப்போகும். என் மகன் எனக்காக இரண்டு மாதம் ஊதினான்.

அவர் என்ன பாடம் எடுக்கிறார்? தமிழா, சமூக அறிவியலா? அவருடைய பாடத்திலேயே ‘ம’, ‘ந’ வரும் சொற்களை ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நாலைந்து வாரம் கழித்து வேண்டியிருக்கும். எனக்கு நாளை முதல் பீரியட் பத்தாம் வகுப்பு, வட்டங்கள். மையம், நாண், தொடுகோடு. ஆரம் மட்டும் உயிரெழுத்தில் தொடங்குகிறது, அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லப்போகிறேன்.